என் நெஞ்சுக் கட்டியும் கதைக்கிற ஆட்களும்

எங்கள் பக்கத்தில் ஒருவருக்கு உடம்பில் கட்டி வந்தால் அதை நோய் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். செல் பீஸ் என்பார்கள், எறிகணை வெடித்துத் தெறித்த இரும்புத் துண்டு. சண்டை முடிந்து இவ்வளவு காலமாகியும் தர்மபுரத்தில் வீட்டுக்கு ஒருவராவது இரும்பை உடம்பில் வைத்துக்கொண்டுதான் நெல் விதைக்கிறோம், சங்கக்கடைக்குப் போகிறோம். பெண்கள் குழாயடியில் நகைநட்டைப் பற்றிக் கதைப்பதுபோல இதைக் கதைப்பார்கள். உன்னுடையது எங்கே, என்னுடையது இடுப்பில், மழைக்கு முதல் நாள் உளையும் என்று. பீஸ் நடக்கும் என்பதில் எல்லோருக்கும் நம்பிக்கை. ஒருத்திக்குத் தொடையில் பட்டது குதிக்காலால் வெளியே வந்ததாம். இன்னொருத்தி பல் விளக்கும்போது வாயால் துப்பினாளாம். அவள் துப்பியது தன்னுடைய பல்லாக இருக்கும். அதை அவளிடம் யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

நான் யாரிடமும் எதையும் சொல்கிறவள் அல்ல. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்கச் சொன்னால் இன்றைக்கும் நாக்கு ஒட்டிவிடும். ஆனால் மனது ஒருநாளும் சும்மா இருந்ததில்லை. ஒரு மூலையில் நின்றுகொண்டு அது எல்லோரையும் பார்த்துக்கொண்டே இருந்தது. இந்த வயது வரைக்கும் பார்த்ததில் மதிக்கக்கூடிய ஆட்களை அது பெரிதாகக் காணவில்லை.

என்னிடமும் ஒரு பீஸ் இருக்கிறது. இடது பக்கக் காறை எலும்புக்குக் கீழே, விரலை வைத்தால் தெரியும். மனுசன் செத்த அதே செல்லில் பட்டது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதனால் மனுசனுக்குப் பிறகு அவருடைய தங்கச்சி, அதாவது என் மச்சாள், தன் குடும்பத்தோடு பக்கத்துக் காணியில் வந்து குந்தினாள். எனக்குத் துணையாக என்று ஊருக்குச் சொன்னாள். என்னுடைய கிணறும் தென்னையும் அவளுக்குத் துணையாக இருந்தது எனக்குத் தெரியும்.

கட்டியைக் கண்டது குளித்துவிட்டு உடுப்பு மாற்றும்போது. இடது மார்பின் வெளிப்பக்கம், கச்சான் கொட்டை அளவில், கல்லுப் போல. நோகவில்லை. சில கிழமை பேசாமல் இருந்தேன். பிறகு மச்சாளிடம் சொன்னேன். அவள் சந்தையில் கத்தரிக்காய் பார்க்கிற மாதிரிச் சட்டைக்கு மேலாலேயே இரண்டு விரலால் அமத்திப் பார்த்தாள்.

"இது உங்கட பீஸ்தான் மச்சாள். நடந்து கீழ இறங்கியிட்டுது."

"அது மேல, இருந்த இடத்திலதானே இருக்கு. இப்பவும் கையில தட்டுப்படுது."

"அப்ப உடைஞ்சு ஒரு துண்டு வந்திருக்கு. இரும்பு கறள் பிடிச்சா உடையாதே?"

இப்படிப்பட்ட அறிவோடு அவள் இவ்வளவு காலம் குடும்பம் நடத்தியிருக்கிறாள். நானும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். பீஸ் என்றால் பயமில்லை. வேறு ஏதும் என்றால் யாரோ ஒரு டொக்டருக்கு முன்னால் சட்டையைக் கழற்ற வேண்டும். கட்டின மனுசனே விளக்கை அணைத்த பிறகுதான் என்னைத் தொட்டவர்.

மாரி போய், கச்சான் கொட்டை பாக்குக்கொட்டையானது. அதற்குள் மச்சாள் ஊர் முழுக்க என் பீஸ் நடந்த கதையைச் சொல்லி முடித்திருந்தாள். கனகராயன்குளத்தில் ஒருவர் இலை அரைத்துக் கட்டி இரும்பை வெளியே இழுக்கிறாராம் என்று யாரோ சொல்ல, பஸ் ஏறிப் போய் ஒரு போத்தல் களிம்பு வாங்கி வந்தாள். அந்த மனிதர் இரும்பை இழுத்ததை யாராவது கண்ணால் கண்டார்களா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. பூசினேன். இரும்பு வரவில்லை. தோல்தான் பொங்கி உரிந்து வந்தது.

அந்தப் புண்ணுக்கு மருந்து கட்டத்தான் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். நல்ல காலத்துக்கு அன்றைக்கு இருந்தது ஒரு பொம்பிளை டொக்டர், சின்னப் பிள்ளை. புண்ணைப் பார்த்துக்கொண்டு வந்தவள் கையை நிறுத்தினாள். திரையை இழுத்துவிட்டு இரண்டு பக்கமும் தடவிப் பார்த்தாள். கையைத் தூக்கச் சொல்லிக் கமக்கட்டுக்குள்ளும் பார்த்தாள்.

"இது எப்பயிருந்து அம்மா?"

"செல் பீஸ் எண்டு சொல்லிச்சினம்."

"ஆர் சொன்னது?"

யாரென்று சொல்வது? கத்தரிக்காய் அமத்துகிறவள் என்றா? டொக்டர் ஒரு துண்டு எழுதித் தந்து, இந்தக் கிழமைக்குள்ளேயே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்று சொன்னாள்.

பெரிய ஆஸ்பத்திரி என்றதும் மச்சாளின் மனுசன் வெள்ளைச் சேட்டைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டுவிட்டார். அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்களில் கதைக்கிற ஆள் என்று ஒரு வகை உண்டு. சண்டைக்குப் பிறகு வீட்டுத்திட்டம், நிவாரணம், பதிவு, விசாரணை என்று நாங்கள் ஏறாத அரசாங்கக் கந்தோர் இல்லை. புருசன் இல்லாத பெண்கள் ஒவ்வொருத்தியும் இப்படி ஓர் ஆம்பிளையை முன்னுக்கு விட்டுக்கொண்டுதான் போவோம். அவர் கதைப்பார், நாங்கள் பின்னால் நின்று தலையாட்டுவோம். காட்டிய இடத்தில் கையெழுத்து வைப்போம். அதுதான் மரியாதை என்றும் ஆகிவிட்டது. மச்சாளின் மனுசன் எங்கள் ஒழுங்கையில் உள்ள அத்தனை விதவைகளுக்கும் கதைத்தார். ஒவ்வொருத்தியின் காயத்துக்கும் அவரிடம் ஒரு கதை இருந்தது. என்னுடைய கதை, செல் தோளால் பூந்தது, இடது கை ஏலாது என்பது. எந்தக் கந்தோரிலோ ஒருமுறை தோள் என்று சொன்னதற்குக் காரியம் நடந்திருக்கிறது. அன்றிலிருந்து என் காயத்தை அவர் தோளிலேயே குடியிருத்திவிட்டார். ஏலாத அந்தக் கையால்தான் நான் வரம்பு கட்டினேன், அவருடைய வீட்டு மிளகாயும் இடித்தேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் என்னைச் சோதித்த விதத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். ஒருவரும் ஒன்றையும் ஊகித்துச் சொல்லவில்லை. எனக்கு அது புதிது. முதலில் மார்பை இரண்டு தட்டுகளுக்கு நடுவில் வைத்து அமத்திப் படம் எடுத்தார்கள். நோவில் கண்ணீர் வந்தது. வெட்கத்தில் வந்த கண்ணீரும் அதோடு சேர்ந்து போனதால் யாருக்கும் தெரியவில்லை. கிளினிக்கில் இருந்ததும் பொம்பிளை டொக்டர்தான், கண்ணாடி போட்ட, அவசரப்படாத ஒருத்தி. படத்தைக் கொம்பியூட்டரில் போட்டுக் காட்டினாள்.

"இதுதான் உங்கட பீஸ். இருந்த இடத்திலயே இருக்கு, ஒரு இடமும் போகேல்ல. கட்டி இங்க கீழ. ஓரத்தப் பாருங்கோ, வேர் விட்ட மாதிரி இருக்கெல்லே? இது நல்லதில்ல அம்மா. ஊசியால கொஞ்சம் எடுத்துப் பாத்தாத்தான் என்ன சாதி எண்டு சொல்லலாம்."

மச்சாளின் மனுசன் கதிரையில் முன்னால் சரிந்தார். "டொக்டர், ஊசி குத்தினா பரவும் எண்டு சொல்லுகினம்."

"ஆர் ஐயா சொல்லுகினம்?"

"பொதுவாச் சொல்லுகினம்."

"பொதுவா ஆக்கள் சொல்லுறதுக்கு மருந்து எழுத ஏலாது ஐயா. என்ன நோய், எது அதை வளக்குது, எவ்வளவு தூரம் போயிருக்கு, மூண்டும் தெரியவேணும்."

ஜெல் பூசி, ஸ்கானில் பார்த்துப் பார்த்து, விறைக்கிற ஊசி போட்டு, பிறகு ஒரு தடித்த ஊசியால் 'டக்' என்று கட்டியில் கொஞ்சம் எடுத்தார்கள். கமக்கட்டுக்குள் ஒரு நெறிக்கட்டியும் வீங்கியிருந்தது. அதிலும் எடுத்தார்கள்.

முடிவு வரும்வரைக்கும் ஊர் சும்மா இருக்குமா? பிஸ்கட் பெட்டியோடு வந்து குந்தினார்கள். வந்தவர்கள் எல்லோரும் கேட்டது ஒன்றையேதான். "எத்தினையாம் ஸ்ரேஜ்?" பிள்ளைகளின் பரீட்சை முடிவு கேட்கிற அதே குரல். புதுக்குடியிருப்பில் மனுசனுக்கு ஒரு சொந்தக்காரி இருக்கிறாள். சண்டைக்குப் பிறகு என் வாசலை மிதிக்காதவள். அவள் போன் எடுத்தாள்.

"மாமி, ரண்டோ மூண்டோ? நாலெண்டாச் சொல்லுங்கோ, நாங்கள் ஒரு வான் பிடிச்சு எல்லாருமா வந்து பாத்திட்டுப் போறம்."

"இன்னும் சொல்லேல்லப் பிள்ளை," என்றேன்.

"அப்ப தெரிஞ்சோடன சொல்லுங்கோ. வான்காரனுக்கு முன்கூட்டிச் சொல்லவேணும்."

நாலு என்று வந்தால் இவர்களுக்குச் சுற்றுலா. ரண்டு என்று வந்தால் ஏமாற்றம். போனை வைத்துவிட்டுக் குசினிக்குள் போய் அவர்கள் விட்டுப்போன பிஸ்கட்டைத் தின்றேன். அதில் என்ன பிழை, பிஸ்கட் ஒன்றும் கேள்வி கேட்கவில்லை.

முடிவு வந்தது. புற்றுநோய்தான். நெறியிலும் இருந்தது. டொக்டர் ஒளிக்காமல் சொன்னாள். என்னுடையது பெண்களின் உடம்பில் ஊறுகிற சுரப்பைக் குடித்து வளருகிற சாதியாம். அந்தச் சுரப்பை அடக்க மாத்திரை இருக்கிறதாம். அது நல்ல செய்தி என்றாள். ஆனால் நெறிக்குப் போயிருப்பதால் உடம்பில் வேறெங்கும் போயிருக்கிறதா என்று பார்த்துத்தான் மிச்சம். போகாவிட்டால் வெட்டி எடுத்து, முற்றாகச் சுகமாக்கத்தான் பார்ப்பார்கள். நெஞ்சுக்குள்ளோ ஈரலுக்குள்ளோ போயிருந்தால் வெட்டுவதில் பெரிய பிரயோசனம் இல்லை, மாத்திரையால் இயன்ற காலம் அடக்கி வைக்கலாம். அப்படியென்றால் எல்லாம் அடுத்த ஸ்கானில் இருக்கிறது என்று எனக்கு விளங்கியது.

அந்த ஸ்கான் ஒரு பெரிய வளையம். அதற்குள்ளால் கட்டிலோடு போய் வரவேண்டும். அதற்கு முன்னால் ஒரு டொக்டர் பெடியன் வெளியில் வந்து, உடம்பில் இரும்பு இருக்கிறதா, காயம் எங்கே பட்டது என்று கேட்டான். என்னைப் பார்த்துத்தான் கேட்டான்.

"தோளால பூந்தது தம்பி," என்றார் மச்சாளின் மனுசன். "முன்பக்கத் தோள். அவவுக்கு இடக்கை ஏலாது."

பெடியன் எழுதிக்கொண்டான். நான் தலையாட்டினேனா இல்லையா என்று எனக்கே நினைவில்லை. ஆட்டியிருப்பேன். அவர் கதைத்தால் என் தலை தானாக ஆடப் பழகியிருந்தது.

அடுத்த கிளினிக்கில் டொக்டரின் முகம் முன்னைய மாதிரி இல்லை. நாங்கள் மூன்று பேரும் போயிருந்தோம். மச்சாள் கதிரையில், அவள் மனுசன் கதிரையில், நான் நோயாளி என்பதால் ஸ்டூலில். பஸ்ஸில் கொண்டுவந்த தண்ணீர்ப் போத்தலும் எல்லோருடைய சோற்றுப் பார்சலும் வைத்த பை எனது இடது கையில்.

"ஈரல் சுத்தம். எலும்பும் பிரச்சினையில்ல," என்றாள் டொக்டர். "ஆனா இடது நுரையீரலுக்க, பின்பக்கமா, ஒரு சின்ன இடம் மங்கலாத் தெரியுது. இரும்பெண்டா பளிச்செண்டு வெள்ளையா இருக்கும். இது அப்பிடியில்ல. உங்கட செல் தோளால வந்ததெண்டா அது போன பாதைக்கும் இந்த இடத்துக்கும் சம்பந்தமில்ல. அப்ப பரவினதெண்டுதான் நினைக்கவேண்டியிருக்கு. நாங்கள் எல்லா டொக்டர்மாரும் கூடிக் கதைச்சுத்தான் முடிவெடுப்பம். ஆனா ஒபரேசன் செய்யமாட்டம் எண்டுதான் நினைக்கிறன் அம்மா. மாத்திரை தொடங்குவம்."

மச்சாள் உடனே மூக்கை உறிஞ்சத் தொடங்கினாள். அவள் மனுசன் செத்தவீட்டில் தலையாட்டுகிற மாதிரி மெதுவாகத் தலையாட்டினார். "நாங்களும் அப்பிடித்தான் நினைச்சனாங்கள் டொக்டர். எல்லாம் அவன் செயல். தோளில பட்டதில இருந்தே அவ நோயாளிதான். அந்தக் கையால ஒரு செம்பு தூக்க ஏலாது."

டொக்டரின் கண் என் மடியில் இருந்த பைக்குப் போனது. அதைப் பிடித்திருந்த கைக்குப் போனது. என்னைச் சாகக் கொடுக்கிற இடத்திலும் இந்த மனிதர் கந்தோர்க் கதையைத்தான் சொல்கிறார். ஒரு சொல் மாற்றத் தெரியவில்லை. அது பொய் என்பதுகூட அவருக்கு மறந்துபோயிருக்கும். அவ்வளவு காலம் சொன்ன பொய்.

"முதுகால," என்றேன்.

என் குரல் எனக்கே கேட்கவில்லை. டொக்டர் மட்டும் முன்னால் சரிந்தாள். "என்ன அம்மா?"

"முதுகாலதான் பூந்தது. நான் குனிஞ்சு படுத்திருந்தனான். பின்னால பூந்து, முன்னுக்கு வந்து நிண்டது."

"அவ பயத்தில மாறிச் சொல்லுறா டொக்டர்," என்றார் மச்சாளின் மனுசன். "அந்த நேரம் ஆருக்கு நினைவு இருந்தது. நான் எல்லாக் கந்தோரிலயும் பதிஞ்சு வைச்சிருக்கிறன், தோள்."

"ஐயா, அந்த நேரம் நீங்கள் பக்கத்தில இருந்தனீங்களோ?"

"நான் வேற பங்கரில. ஆனா விசயம் தெரியும்."

"ரண்டு பேரும் கொஞ்சம் வெளியில இருங்கோ."

"எங்களுக்கு ஒளிக்க ஒண்டுமில்ல டொக்டர், நாங்கள் அவவின்ர ஆக்கள்..."

"வெளியில இருங்கோ ஐயா."

அவரைக் கதைக்க விடாமல் வெளியே அனுப்பிய முதல் ஆளை அன்றைக்குத்தான் கண்டேன். கதவு சாத்தியதும் டொக்டர் திரையை இழுத்தாள். நான் சட்டையைக் கழற்றினேன். இதுவரைக்கும் முன்பக்கத்து ஊக்குகளை மட்டும் கழற்றி, வேண்டிய இடத்தை மட்டும்தான் காட்டியிருந்தேன். நெஞ்சைக் குழல் வைத்துக் கேட்டபோதும் முதுகுப் பக்கம் சட்டையோடுதான் கேட்டார்கள். அந்த வடு அசிங்கமானது. அது எந்த நிலையில் பட்டது, யாருக்கு மேல் நான் குனிந்து கிடந்தேன் என்று அதைப் பார்த்தாலே தெரிந்துவிடும் என்று எனக்கொரு பயம். டொக்டர் யாருக்கு மேல் என்று கேட்கவில்லை. தோள்பட்டை எலும்புக்குக் கீழே விரலை வைத்தாள். குளிர்ந்த விரல். பிறகு மற்றக் கையின் விரலை முன்பக்கம், பீஸ் இருக்கிற இடத்தில் வைத்தாள். கொஞ்ச நேரம் அப்படியே என்னை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இதை ஏனம்மா முதலே சொல்லேல்ல? ஸ்கானுக்குப் போகேக்க கேட்டிருப்பினமே."

"கேட்டவை. அவர் சொன்னார்."

அவள் பெருமூச்சு விட்டாள். நான் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து இருந்தபோது சொன்னாள், "அந்த இடம் பழைய காயத்தின்ர தழும்பா இருக்கலாம். இருக்கலாம் எண்டுதான் சொல்லுறன், விளங்குதோ? இன்னும் மெல்லிசு மெல்லிசா வெட்டி ஸ்கானைத் திருப்பிப் பாக்கச் சொல்லுறன். அது தழும்பெண்டால் வழி வேற. நோயெண்டால் நான் முதல் சொன்னதுதான்."

வெளியே வாங்குப் பலகையில் மச்சாள் சோற்றுப் பார்சல் கேட்டாள். கொடுத்தேன். அவள் மனுசன் பக்கத்தில் இருந்த யாரோ ஒருவருக்கு, டொக்டர்மாருக்கே இப்பொழுது விசயம் தெரியாது, எல்லாம் நாங்கள் சொல்லிக் கொடுக்கவேண்டியிருக்கு என்று விளங்கப்படுத்திக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் நான் விரும்பியது என்ன என்று ஒருவருக்கும் சொல்லவில்லை. சொன்னால் பைத்தியம் என்பார்கள். என்னை வெட்ட வேண்டும் என்று விரும்பினேன். ஒரு பொம்பிளை தன் மார்பை எடுக்கச் சொல்லிக் கடவுளிடம் கேட்பாளா? நான் கேட்டேன். மச்சாள் வந்து இருந்து, மாத்திரையோட விட்டிட்டினமே, அந்தளவில அங்கமாவது மிச்சம் என்று ஆறுதல் சொன்னாள். அவளுடைய ஆறுதலைக் கேட்டுக்கொண்டு முருங்கைக்கீரை ஆய்ந்தேன். பேசத் தெரியாத பிறவிகளை மனிதர்கள் மாடு என்று நினைக்கிறார்கள். இந்த வீட்டில் யார் மாடு என்று எனக்குத் தெரிந்திருந்தது.

அடுத்த முறை உள்ளே கூப்பிட்டபோது அவர்கள் இருவரும் என்னோடு எழும்பினார்கள். நான் கதவடியில் நின்று திரும்பி, நீங்கள் இருங்கோ என்று சொன்னேன். மச்சாளின் மனுசன் நம்பாமல் பார்த்தார். கதவைச் சாத்திக்கொண்டேன்.

டொக்டர் கொம்பியூட்டரை என் பக்கம் திருப்பினாள். கறுப்புக்குள் ஒரு மெல்லிய கோடு. நூல் மாதிரி. முதுகில் தொடங்கி, அந்த மங்கல் இடத்தைத் தொட்டுக்கொண்டு, நேரே போய்ப் பீஸில் முடிந்தது. கோட்டுக்குள் அங்கங்கே மணல் தூவினாற்போல வெள்ளைப் பொட்டுகள்.

"அது இரும்புத் தூள் அம்மா. செல் போன வழி. அந்த இடம் தழும்புதான். எல்லாரும் இருந்து பாத்தனாங்கள், எல்லாருக்கும் அதுதான் எண்ணம். பரவேல்ல."

நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒபரேசன் செய்வம். இந்த மார்பையும் கமக்கட்டு நெறியளையும் எடுப்பம். எடுத்ததைச் சோதிச்சுப் போட்டு, மருந்து ஏத்திறதோ, கதிர் பிடிக்கிறதோ எண்டு சொல்லுவம். பிறகு மாத்திரை, கன வருசத்துக்கு. நுரையீரலையும் இடைக்கிடை திருப்பிப் பாப்பம். சம்மதமோ?"

"ஓம்," என்றேன். "ஓம், எடுங்கோ."

நான் வெளியே வந்தபோது இருவரும் எழும்பி நின்றார்கள். என்னவாம், என்னவாம் என்று மச்சாள் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வெட்டப் போகினம்," என்றேன்.

அவள் தலையில் கையை வைத்துக்கொண்டு வாங்கில் விழுந்தாள். அவள் மனுசன் சேட்டுக் கொலரைச் சரிசெய்தார். "விடுங்கோ தங்கச்சி, பயப்பிடாதேங்கோ. நான் உள்ள போய்க் கதைச்சுப் பாக்கிறன், வெட்டாமல் விடச்சொல்லி."

போய்க் கதவில் கையும் வைத்துவிட்டார். நான் அவருடைய வெள்ளைச் சேட்டின் பின்பக்கத்தைப் பிடித்தேன். அப்படி ஓர் ஆம்பிளையின் உடுப்பை ஆட்கள் பார்க்க நான் பிடித்ததில்லை.

"கதைச்சாச்சு," என்றேன். "நீங்கள் இருங்கோ."

வாங்கில் இருந்த சனம் முழுவதும் எங்களைப் பார்த்தது. அவர் இருந்தார். நான் ஒபரேசனுக்குத் திகதி போடுகிற இடம் எது என்று ஒரு நேர்ஸ் பிள்ளையிடம் கேட்டுக்கொண்டு போனேன்.